இருபதாயிரம் ரூபாய் டென்னிஸ் மட்டை யாருக்கு? கை சொல்லும் கணக்கு வேறு

டென்னிஸ் மட்டை வாங்கப் போனால் கடையில் முதலில் வரும் கேள்வி, "பட்ஜெட் எவ்ளோ சார்?" அடுத்தது, "யாரோட ரசிகர் நீங்க?" எத்தனை வருஷமாக ஆடுகிறீர்கள், வாரத்துக்கு எத்தனை நாள், முழங்கையில் வலி உண்டா என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு மட்டை நம் கையில் எப்படி வேலை செய்யும் என்பதைத் தீர்மானிப்பது இந்த மூன்றாவது வகைக் கேள்விகள்தான்.

புதுச்சேரியில் கதிர்காமம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வழுதாவூர் சாலையும் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியும் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்கு அது மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் நிறைந்த பகுதி. இங்கிருந்தும் காலையில் தோளில் டென்னிஸ் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய அரசு ஊழியர், கல்லூரி மாணவி, அப்பாவின் பின்சீட்டில் உட்கார்ந்து போகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்று பலவகை. இவர்களைப் போன்றவர்களுக்கு இன்று கடைகள் காட்டும் முன்னணி நிறுவனங்களின் மேல்வரிசை மட்டைகள் ₹15,000 முதல் ₹25,000 வரை போகின்றன. ஒரு குடும்பத்தின் மாத மளிகைச் செலவைத் தாண்டும் தொகை.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? நவீன மட்டை அருமையான கருவிதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் தமக்கு உதவாத மட்டையை அதிக விலைக்கு வாங்குகிறோம். உதவக்கூடிய செலவைச் செய்யாமல் விடுகிறோம். அதற்கான விலையைப் பையும் கொடுக்கிறது, முழங்கையும் கொடுக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

பெரிய மட்டை யாருக்காக வந்தது?

புதுச்சேரிக்கும் டென்னிஸுக்கும் பழைய உறவு உண்டு. 1878இல் பாரிஸில் பிறந்த அரவிந்தர் ஆசிரமத்து அன்னை, எழுபது வயதைத் தாண்டிய பிறகும் இங்கே கடற்கரையோர ஆசிரம கோர்ட்டில் டென்னிஸ் ஆடியவர். அன்று எல்லோர் கையிலும் இருந்தது மரமட்டை. பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை விட்டு வெளியேறிய அதே 1954ஆம் ஆண்டில் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்ற ராமநாதன் கிருஷ்ணன் கையிலும் மரம்தான். 1960, 1961 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அவர் விம்பிள்டன் அரையிறுதி வரை போனதும் அதே மரத்தோடுதான்.

அந்த மரமட்டையின் முகம் சிறியது, சுமார் 65 சதுர அங்குலம். எடையோ 350 கிராமைத் தாண்டும். பந்து நடுவில் பட்டால் சுகம். இரண்டு விரற்கடை தள்ளிப் பட்டால் மட்டை கையிலேயே திருகிக்கொள்ளும், பந்து வலையில் விழும். கிருஷ்ணனைப் போன்றவர்களுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, ஏனென்றால் அவர்களுக்குப் பந்து நடுவில்தான் படும். மற்றவர்களுக்கு அது தண்டனை.

மரத்தை முதலில் அசைத்துப் பார்த்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். 1920களில் விம்பிள்டன் வென்ற ரெனே லகோஸ்ட், இன்று முதலைச் சின்னம் போட்ட சட்டையால் உலகம் அறிந்தவர், 1953இல் எஃகுக் குழாய் மட்டைக்குக் காப்புரிமை எடுத்தார். அதிலிருந்து 1967இல் வில்சன் நிறுவனத்தின் டி2000 வந்தது. ஜிம்மி கானர்ஸ் அதை ஊரறியச் செய்தார்.

ஆனால் உண்மையான திருப்பம் 1976இல் வந்தது. ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்கப் பொறியாளர், விமானத் துறையில் வேலை பார்த்தவர், பனிச்சறுக்குக் கட்டைகள் செய்து பணம் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு டென்னிஸ் கற்றுக்கொள்ளப் போனார். சரியாக வரவில்லை. பந்து ஓரத்தில் பட்டால் மட்டை திருகுகிறதே, அதைத் தடுக்க என்ன வழி என்று யோசித்து, பிரின்ஸ் நிறுவனத்துக்காக 110 சதுர அங்குல முகம் கொண்ட அலுமினிய மட்டையைக் கொண்டுவந்தார். தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதலில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். 1978இல் பதினாறு வயது பாம் ஷ்ரைவர் அதே வகை மட்டையோடு அமெரிக்க ஓபன் இறுதிக்கு வந்தபோது சிரிப்பு அடங்கியது. 1983இல் யானிக் நோவா பிரெஞ்சு ஓபன் வென்றதோடு ஆண்களின் கிராண்ட் ஸ்லாம் பட்டங்களில் மரமட்டையின் கதை முடிந்தது. அதன் இடத்தைக் கார்பன் இழையால் ஆன கிராஃபைட் பிடித்துக்கொண்டது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெரிய முகம் கொண்ட நவீன மட்டையைச் சாம்பியன்கள் கேட்டு வாங்கவில்லை. சுமாராக ஆடும் ஒரு வயதான மனிதர், தன்னைப் போன்றவர்களுக்காகச் செய்தது அது. இன்று அதையே சாம்பியன் படத்தை ஒட்டி நமக்கு விற்கிறார்கள்.

மட்டை உண்மையில் என்ன செய்கிறது?

"இந்த ராக்கெட்ல பவர் ஜாஸ்தி சார்" என்ற வாசகம் கடையில் அடிக்கடி காதில் விழும். பந்துக்கு வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை ஹோவர்ட் பிராடி, ராட் கிராஸ் போன்ற இயற்பியலாளர்கள் எளிய கணக்காகவே சொல்லியிருக்கிறார்கள். மட்டையின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு துள்ளல் எண் உண்டு. முகத்தின் நடுவில் ஏறக்குறைய 0.4; நுனிப் பக்கம் போனால் 0.2, இன்னும் கீழேயும் இறங்கும். எதிரே வரும் பந்தின் வேகத்தை அந்த எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள். வீச்சின் வேகத்தை 'ஒன்றோடு அந்த எண்' சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் பந்து திரும்பிப் போகும் வேகம்.

ஒரு நடுத்தர ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். பந்து மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிறது. அவர் மட்டையை 70 கிலோமீட்டரில் வீசுகிறார். நடுவில் பட்டால்: 24 கூட்டல் 98, ஆக 122 கிலோமீட்டர். இப்போது இன்னும் 'பவர்' உள்ள மட்டையை வாங்கி அந்த எண்ணை 0.43 ஆக்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது சுமார் 126. நான்கு கிலோமீட்டர் லாபம். அதற்குப் பதிலாக, பழைய மட்டையிலேயே பயிற்சியால் வீச்சைப் பத்து சதவீதம் கூட்டினால்? ஏறக்குறைய 132. பத்து கிலோமீட்டர் லாபம்.

இப்போது பந்து 0.2 உள்ள ஓரத்தில் பட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வேகம் 96க்கு இறங்கிவிடுகிறது. ஒரே அடியில் 26 கிலோமீட்டர் நஷ்டம். பின்கோட்டுக்குப் பக்கத்தில் விழ வேண்டிய பந்து நடுகோர்ட்டில் செத்து விழுகிறது. எதிராளி வந்து முடித்துவிடுகிறார்.

ஆக, நடுத்தர ஆட்டக்காரர் பாயின்ட் இழப்பது நடுவில் பட்ட பந்துக்கு வேகம் போதாமல் இல்லை. நடுவில் படாததால். நவீன மட்டையின் பெரிய உதவி அந்த இடத்தில்தான் இருக்கிறது. முகம் அகலமானால் சட்டத்தின் எடை மையக்கோட்டிலிருந்து தள்ளிப் போகிறது. திருகலை எதிர்க்கும் திறன் அந்தத் தூரத்தின் இருமடியில் கூடும். அதே எடையில் அகலம் கால் பங்கு கூடினாலே எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். ஓரத்தில் பட்ட பந்துக்கும் ஓரளவு மரியாதை கிடைக்கும். இதை 'மன்னிக்கும் குணம்' என்று சொல்லலாம். நவீன மட்டையின் முதல் குணம் அதுதான். வேகம் அதற்குப் பிறகு.

அட்டையில் எழுதாத எடை

கடையில் மட்டையைக் கையில் தூக்கிப் பார்த்து "லைட்டா இருக்கு, இதையே குடுங்க" என்று வாங்குகிறோம். தூக்கும்போது தெரியும் எடை ஒன்று, வீசும்போது தெரியும் எடை வேறு. வீசும்போது தெரிவதை 'ஸ்விங் வெயிட்' என்கிறார்கள். தமிழில் வீச்செடை எனலாம்.

வீட்டுக் கணக்காகவே பார்ப்போம். 27 அங்குல மட்டையின் நுனியில் 10 கிராம் ஈயப்பட்டை ஒட்டினால் வீச்செடை சுமார் 34 அலகு கூடும். அதே 10 கிராமை உள்ளங்கை பிடிக்கும் இடத்தில் ஒட்டினால் கிட்டத்தட்ட எதுவும் கூடாது. தராசில் இரண்டும் ஒரே எடைதான். ஆனால் முதலாவதை ஒன்றரை மணி நேரம் வீசினால் தோள் கெஞ்சும். நரம்பு கட்டிய மட்டைகளில் வீச்செடை பெரும்பாலும் 300க்கும் 340க்கும் நடுவில் இருக்கும். 34 அலகு என்பது அந்த வரிசையின் கீழ்முனையிலிருந்து மேல்முனைக்கே தூக்கிப் போடுகிற வித்தியாசம்.

அட்டையில் அச்சாகியிருக்கும் எடையோ பெரும்பாலும் நரம்பு கட்டாத எடை. நரம்பு, மேல்கிரிப் எல்லாம் சேர்ந்தால் இன்னும் இருபது கிராம் போல ஏறும். ஒரே மாடலில் இரண்டு மட்டைகளை நிறுத்தினால் சில கிராம் வித்தியாசம் வருவதும் சகஜம். வீச்செடையைப் பல நிறுவனங்கள் மட்டையில் போடுவதே இல்லை. வாங்குகிறவருக்கு மிகவும் தேவையான எண்ணை மறைத்துவிட்டு, புதுத் தொழில்நுட்பத்தின் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடுவது எந்த ஊர் நியாயம்?

நடுத்தர ஆட்டக்காரருக்கு எது?

நடுத்தரம் என்றால் யார்? ஐந்தாறு பந்து ரேலி ஆடத் தெரியும், ஃபோர்ஹேண்ட் நம்பிக்கையாக வரும், பேக்ஹேண்டில் அவ்வப்போது தடுமாற்றம், இரண்டாவது சர்வீஸ் பயந்து பயந்து போகும். நம் கோர்ட்டுகளில் பாதிப் பேர் இவர்கள்தான்.

இவர்களுக்கு 100 சதுர அங்குலத்தை ஒட்டிய முகம், நரம்பு கட்டாமல் 280 முதல் 300 கிராம், திறந்த நரம்புப் பின்னல் (நெடுக்கில் 16, குறுக்கில் 19) போதும். சட்டத்தின் விறைப்பைக் குறிக்க ஆர்.ஏ. என்று ஓர் எண் உண்டு. 70ஐ நெருங்கினால் மட்டை விறைப்பு. அறுபதுகளின் தொடக்கத்தில் இருந்தால் சற்று வளைந்து கொடுக்கும். விறைப்பான சட்டம் வளையாததால் பந்துக்குக் கொஞ்சம் வேகம் கூடுதலாகத் தரும். அதிர்ச்சியையும் கைக்குக் கூடுதலாகத் தரும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆட வருகிறவர்கள் 65க்குக் கீழேயே நிற்பது நல்லது.

இவர்களுக்கு நவீன மட்டை கொடுக்கும் இன்னொரு வசதி, பயமில்லாமல் முழுசாக வீசலாம் என்பது. மரமட்டைக் காலத்தில் பலமாக வீசினால் பந்து கோட்டைத் தாண்டிப் போகும். இன்று மட்டை இலேசு, முகம் அகலம். கீழிருந்து மேலாகத் தேய்த்து அடிக்க இடம் இருக்கிறது. பந்து மேல்சுழற்சியோடு வலையைத் தாண்டி உயரப் போய்க் கோட்டுக்குள் இறங்கிவிடும். ஆனால் தேய்த்து அடிக்கத் தெரிந்தால் மட்டும்தான் இந்த வசதி. தட்டையாக அடிக்கும் பழக்கம் உள்ளவர் அதே மட்டையை வாங்கினால், "பந்து எல்லாம் அவுட்டா போகுது, ராக்கெட் சரியில்ல" என்றுதான் சொல்வார்.

தேர்ந்த ஆட்டக்காரருக்கு எது?

மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஆடுகிறவர், கல்லூரி அணியில் இருப்பவர் நிலைமை வேறு. பந்து அவருக்குப் பெரும்பாலும் நடுவில் படுகிறது. வேகத்தை அவரே உண்டாக்குகிறார். மட்டையிடம் அவர் கேட்பது வேறு இரண்டு: எதிராளியின் பலமான பந்து வந்து மோதும்போது மட்டை பின்வாங்கக் கூடாது, அடித்த பந்து ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் கிளம்ப வேண்டும்.

முதலாவதற்கு எடை வேண்டும். 58 கிராம் பந்து மட்டையோடு ஒட்டியிருப்பது சுமார் ஐந்து மில்லி விநாடிதான். அந்த நேரத்துக்குள் கையால் எதையும் சரிசெய்ய முடியாது. மட்டையின் எடையும் அது பரவியிருக்கும் விதமும்தான் பதில் சொல்லும். அதனால் 305 முதல் 320 கிராம், 325க்கு மேல் வீச்செடை என்று இவர்கள் போகிறார்கள். இரண்டாவதற்குச் சற்றுச் சிறிய முகம், 95 முதல் 98 சதுர அங்குலம், உதவும். சிலர் 18க்கு 20 என்ற நெருக்கமான பின்னலை விரும்புவார்கள்.

இங்கும் காலம் மாறியிருக்கிறது. பீட் சாம்ப்ராஸ் 85 சதுர அங்குலத்தில் விம்பிள்டனை ஆண்டார். ரோஜர் ஃபெடரர் 90இல் நெடுங்காலம் ஆடி, 2014இல் 97க்கு மாறினார். உலகின் மிக நேர்த்தியான கைக்கே முப்பது வயதுக்கு மேல் கூடுதல் மன்னிப்பு தேவைப்பட்டது என்றால், வாரத்தில் மூன்று நாள் ஆடும் நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நரம்புதான் பாதி மட்டை

பந்தைத் தொடுவது சட்டம் இல்லை, நரம்பு. நம் ஊர் ஆட்டக்காரர்கள் சொல்கிற "கட்". அதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

1997இல் குஸ்தாவோ குயர்ட்டன் பிரெஞ்சு ஓபன் வென்றபோது அவர் மட்டையில் இருந்தது பெல்ஜிய நிறுவனமான லக்ஸிலானின் பாலியஸ்டர் நரம்பு. அதற்குப் பிறகு தொழில்முறை டென்னிஸே மாறிப்போனது. பாலியஸ்டர் வழுக்கலானது. பந்து தேயும்போது நெடுக்கு நரம்புகள் பக்கவாட்டில் நகர்ந்து, பந்து விலகுவதற்குள் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பிப் பந்தைச் சுழற்றிவிடுகின்றன. ஜான் யாண்டெல் என்ற பயிற்சியாளர் அதிவேகக் கேமராவில் எடுத்த அளவுகளில் சாம்ப்ராஸ், அகாசி காலத்து ஃபோர்ஹேண்ட் நிமிடத்துக்கு 1,900 சுற்றை ஒட்டி இருந்தது. ரஃபேல் நடாலின் சராசரி சுமார் 3,200.

அப்புறம் என்ன, எல்லோரும் பாலி போட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். பாலியஸ்டர் விறைப்பான பொருள். வேகமாக வீசுகிறவர் கையில்தான் அது நகரும், திரும்பும். மெதுவாக வீசுகிறவர் கையில் அது வெறும் கம்பி வலை. சுழற்சி லாபம் கொஞ்சம், அதிர்ச்சி முழுசாக முழங்கைக்கு. அதோடு பாலியின் இழுவிசை சீக்கிரம் இறங்கிவிடும். பதினைந்து, இருபது மணி நேர ஆட்டத்தில் அது 'செத்துப்போகும்'. அறுந்தால்தான் மாற்றுவது என்று நாம் மாதக்கணக்கில் அதோடு ஆடுகிறோம். பந்து எங்கே போகும் என்று தெரியாமல் கையை இறுக்குகிறோம். முழங்கையின் வெளிப்புறத் தசைநாண் அதற்கு விலை கொடுக்கிறது. டென்னிஸ் எல்போ என்று மருத்துவர் சொல்லும்போது ஆறு மாதம் ஆட்டம் போயிருக்கும். காரணம் மட்டை மட்டுமே என்று சொல்ல முடியாது. தவறான பேக்ஹேண்ட், திடீரென்று கூட்டிய ஆட்ட நேரம், வயது எல்லாம் சேரும். ஆனால் விறைப்பான சட்டத்தில் விறைப்பான நரம்பை இறுக்கிக் கட்டுவது எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது.

நம் கடற்கரை ஊருக்கு இன்னும் ஒரு விஷயம். மாட்டுக் குடலிலிருந்து செய்யும் இயற்கை நரம்பு கைக்கு மிக மென்மையானது. ஆனால் விலை அதிகம், ஈரப்பதம் அதற்கு ஆகாது. நம் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதைக் காப்பாற்றுவது கஷ்டம். செயற்கை நரம்பாக இருந்தாலும், சித்திரை வெயிலில் நிற்கும் காரிலோ ஸ்கூட்டரிலோ மட்டைப் பையை விட்டுவிட்டுப் போனால் இழுவிசை தளரும். நடுத்தர ஆட்டக்காரருக்கு நைலான் வகை நரம்பு அல்லது பல இழைகளைச் சேர்த்துச் செய்த மல்டிஃபிலமென்ட், 50 பவுண்டை ஒட்டிய இழுவிசை, நிறையப் போதும். தேர்ந்தவர் பாலி போடலாம், அல்லது நெடுக்கில் பாலி, குறுக்கில் மென்மையான நரம்பு என்று கலக்கலாம். கை வலித்தால் முதலில் இழுவிசையைக் குறையுங்கள், நரம்பை மாற்றுங்கள். மட்டையை மாற்றுவது அதற்கும் பிறகு.

"புரோ ஆடுற அதே ராக்கெட்" என்பது உண்மையா?

பெரும்பாலும் பாதி உண்மை. தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் தங்களுக்குப் பழகிய பழைய சட்டத்தில் புது மாடலின் வண்ணத்தைப் பூசி ஆடுவது டென்னிஸ் உலகில் ஊரறிந்த ரகசியம். அதே மாடலை ஆடுகிறவர்களும் கைப்பிடியிலும் முகத்திலும் எடை சேர்த்து, வீச்செடையை நாம் தூக்கவே தயங்கும் அளவுக்கு ஏற்றியிருப்பார்கள். நமக்குக் கிடைப்பது அந்த வண்ணம்.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது பிள்ளைகள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு "வளர்ற பையன், பெரிய ராக்கெட்டா வாங்கிட்டா ரெண்டு வருஷம் ஓடும்" என்று 300 கிராம் மட்டையை வாங்கி, அதில் பாலியை 55 பவுண்டில் கட்டிக் கொடுக்கிறோம். சட்டை வாங்கும் கணக்கு அது. மட்டைக்குப் பொருந்தாது. எடையைச் சுமக்க முடியாத பிள்ளை மணிக்கட்டை மடக்கி, உடம்பை வளைத்து அடிக்கக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தை மாற்ற இன்னும் பல வருஷம் ஆகும். பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்தையே பயன்படுத்தக் கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012இல் விதி கொண்டுவந்தது சும்மா இல்லை. மெதுவான பந்து, சிறிய கோர்ட், 23, 25, 26 அங்குல மட்டை என்று படிப்படியாக ஏற வேண்டும் என்பதற்குத்தான்.

"நல்ல மட்டை இருந்தால்தானே முன்னேறலாம்?"

இப்படிக் கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ₹1,500க்குக் கிடைக்கும், இரண்டு துண்டாக இணைத்த அலுமினிய மட்டையில் ஒருவர் ஓர் அளவுக்கு மேல் வளர முடியாது. அது அதிரும், வளையும், நரம்பு தளர்ந்தே வரும். வாரத்தில் இரண்டு நாளாவது ஆடுகிறவர் கிராஃபைட்டுக்கு வரத்தான் வேண்டும். அந்தச் செலவு வீண் இல்லை.

ஆனால் கிராஃபைட்டுக்குள் வந்த பிறகு விலை ஏறுகிற அளவுக்குப் பலன் ஏறுவதில்லை. போன தலைமுறை மாடலுக்கும் இந்த வருஷ மாடலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம், புது நரம்புக்கும் செத்த நரம்புக்கும் நடுவில் உள்ளதைவிடச் சிறியது. 'மரமட்டையில் கற்றால்தான் கை வரும்' என்று சொல்லும் பெரியவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ரமேஷ் கிருஷ்ணன் 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அன்றைய முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தபோது மரத்தின் காலம் போய்விட்டிருந்தது. பலத்தால் அடித்து நொறுக்கும் ஆட்டக்காரர் இல்லை அவர். மென்மையான சர்வீஸ், பந்தைச் சீக்கிரம் எடுக்கும் கண், இடம் பார்த்து வைக்கும் கை. நவீன மட்டை அந்தக் கையைக் கெடுத்துவிடவில்லை. கையில் இல்லாததை அது கொடுத்துவிடவும் இல்லை.

இருபதாயிரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

ஒரு குடும்பம் ஒரு வருஷத்துக்கு டென்னிஸ் கருவிக்கு ₹20,000 ஒதுக்க முடியும் என்றால், முழுவதையும் சட்டத்தில் போட வேண்டாம். முந்தைய தலைமுறை கிராஃபைட் மட்டை ஒன்று ₹10,000 அளவில் பார்க்கலாம். நரம்பும் கட்டுக்கூலியும் சேர்த்து ஒரு முறைக்கு ₹1,000 என்று வைத்தால், வருஷத்துக்கு ஐந்து முறை மாற்ற ₹5,000. வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறோமோ, வருஷத்துக்கு அத்தனை முறையாவது நரம்பு மாற்ற வேண்டும் என்பது டென்னிஸில் பழைய கணக்கு. பாலி போடுகிறவர்கள் இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். மீதி ₹5,000 நல்ல பந்து, கிரிப், நான்கைந்து தனிப்பயிற்சி வகுப்புகளுக்கு. முதலில் பார்த்த கணக்கின்படி, வீச்சைச் சரிசெய்யும் அந்த வகுப்புகள் தரும் வேகத்தை எந்த மட்டையும் தராது.

கைப்பிடி அளவையும் பாருங்கள். மட்டையைப் பிடித்தபின் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மறு கையின் ஆட்காட்டி விரல் நுழைய வேண்டும். வியர்வை அதிகம் உள்ள நம் ஊரில் மேல்கிரிப்பை அடிக்கடி மாற்றினால், வழுக்காமலிருக்க இறுக்கிப் பிடிக்கும் தொல்லை போகும். முழங்கைக்கு அதுவே பாதி மருந்து.

இது வாங்குகிறவர் கடமை மட்டும் இல்லை. அகாடமிகளும் கிளப்புகளும் மூன்று நான்கு எடைகளில் சோதனை மட்டைகளை வைத்து, ஒரு வாரம் ஆடிப் பார்க்கக் கொடுக்க வேண்டும். நரம்பு கட்டுகிறவர்கள் தேதி, வகை, இழுவிசை மூன்றையும் ஒரு சிறு ஒட்டுச்சீட்டில் எழுதி மட்டையில் ஒட்டினால் செலவு ஒன்றும் ஆகாது. ஆடுகிறவருக்கு எப்போது மாற்றுவது என்று தெரியும். கடைகள் நரம்பு கட்டிய எடை, வீச்செடை, விறைப்பு எண் மூன்றையும் விலைப்பட்டியலில் போட வேண்டும். புதுச்சேரி அரசு பள்ளிப் பிள்ளைகளுக்காக டென்னிஸ் கருவி வாங்கும்போது, பத்துப் பெரிய மட்டைக்குப் பதில் 23, 25, 26, 27 அங்குலங்களில் கலந்து வாங்கி, கூடவே ஒரு நரம்பு கட்டும் இயந்திரமும் வாங்க வேண்டும். இயந்திரம் இல்லாமல் வாங்கிய மட்டை, ஒரு நரம்பு அறுந்த அன்றே அலமாரிக்குப் போய்விடும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது "யாரோட ரசிகர் நீங்க?" என்று கேட்டால் சொல்லிவிடுங்கள். பிறகு நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: "நரம்பு கட்டினா எடை எவ்ளோ? வாங்கறதுக்கு முன்னாடி நாலு நாள் ஆடிப் பார்க்கத் தருவீங்களா?" பதில் சொல்கிற கடையில் வாங்குங்கள்.